அழித்த கோப்பைத் திருப்பித் தரும் நிரல்: தொடக்க நிலையினருக்கு ஒரு விளக்கம்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கான கடைசி நாட்களிலும், அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் திறக்கும் நாட்களிலும், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பாபநாசம் போன்ற ஊர்களின் கணினி மையங்களில் கோப்புகள் குவிகின்றன. அடங்கல், சிட்டா, ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று ஒவ்வொரு விவசாயிக்கும் நான்கைந்து ஸ்கேன்கள் சேர்கின்றன. பதிவு முடிந்ததும், இடத்தை அடைக்கின்றன என்று அவற்றை அழித்துவிடுகிறார்கள். சில வாரங்கள் கழித்து, அழித்தவற்றுள் ஏதோ ஒன்று மீண்டும் தேவைப்படுகிறது. இப்படிப்பட்ட ஒரு மையத்துக்காக, ஸ்கேன் செய்தவற்றை விவசாயி வாரியாகக் கோப்புறைகளில் அடுக்கி வைக்கும் சிறு நிரல் ஒன்றை நாம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதில் 'அழி' என்ற பொத்தான் வேண்டும். அழித்ததைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். நிரலாக்கம் கற்கத் தொடங்கியவர்களுக்கு இது எளிய வேலையாகத் தோன்றும்: கோப்பை வேறொரு கோப்புறைக்கு நகர்த்தினால் போதாதா என்று கேட்பார்கள். நகர்த்துவது எளிதுதான். நகர்த்தியதை, பழைய இடத்தில், பழைய பெயரில், வேறு எதற்கும் சேதமில்லாமல் கொண்டுவந்து வைப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ஆகவே அழிப்பதற்கான குறிமுறையில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே, மீட்பு எப்படி நடக்கும் என்பதைத் தாளில் எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் அந்தக் கருத்தின் விரிவுதான்.

அழிக்கும்போது வட்டில் நடப்பது

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு கோப்பின் பெயரும் அதன் உள்ளடக்கமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கோப்பின் அளவு, உரிமையாளர், திருத்தப்பட்ட நேரம், உள்ளடக்கம் வட்டின் எந்தெந்தப் பகுதிகளில் கிடக்கிறது என்ற விவரங்கள் எல்லாம் ஐநோடு எனப்படும் ஒரு பதிவில் இருக்கின்றன. கோப்புறை என்பது பெயர்களையும் ஐநோடு எண்களையும் இணைத்துக் காட்டும் பட்டியல் மட்டுமே. நிரல் ஒன்று 'அன்லிங்க்' என்ற அழைப்பை விடுக்கும்போது, அந்தப் பட்டியலிலிருந்து ஒரு வரி நீக்கப்படுகிறது. அந்த ஐநோடைச் சுட்டும் பெயர் வேறு எதுவும் இல்லை, அந்தக் கோப்பை எந்த நிரலும் திறந்து வைத்திருக்கவும் இல்லை என்றால், அது பிடித்து வைத்திருந்த பகுதிகள் காலி என்று குறிக்கப்படுகின்றன. உள்ளே இருந்தவை அந்தக் கணமே துடைக்கப்படுவதில்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டில் ஒரு புல எண்ணுக்கு எதிரே உள்ள வரியை அடித்துவிட்டதால் வயல் மறைந்துபோவதில்லை. ஆனால் அந்த வயலில் வேறொருவர் உழுது நாற்று நட்டுவிட்ட பிறகு, முன்பு நின்ற பயிரைத் தேடிப் பயனில்லை. அழித்த கோப்புகளைத் தேடித் தருவதாகச் சொல்லும் மீட்பு மென்பொருள்கள், புதிய பயிர் ஏறாத வயல்களை மட்டுமே கண்டெடுக்கின்றன.

இன்றைய மடிக்கணினிகளில் அந்த வாய்ப்பும் குறைந்துவிட்டது. எஸ்எஸ்டி வகை வட்டுகளில், எந்தப் பகுதிகள் இனி வேண்டியதில்லை என்பதை இயங்குதளம் 'டிரிம்' என்ற கட்டளை மூலம் வட்டுக்கே தெரிவித்துவிடுகிறது. வட்டு அவற்றைத் தன் வசதிப்படி துடைத்து அடுத்த எழுத்துக்குத் தயாராக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு மென்பொருளால் மீட்க அனேகமாக எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே நம் நிரலின் மீட்பு வசதி, அழித்த பிறகு தேடுவதை நம்பி இருக்கக் கூடாது. பயனர் 'அழி' என்று சொல்லும்போது நிரல் அன்லிங்க் அழைப்பை விடுக்காமல், கோப்பை ஒதுக்கி வைத்து, அது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். உண்மையான அன்லிங்க் பிறகு, தனியாக, தெரிந்தே செய்யப்படும் வேறொரு செயலாக இருக்க வேண்டும்.

'உறுதியாக அழிக்கவா?' என்று கேட்கும் பெட்டியை இதற்கு மாற்றாகக் கருதுபவர்கள் உண்டு. வாசலில் வரிசை நிற்கும் நாளில், ஒரே கேள்வியை நூறு முறை பார்த்த கை, படிக்காமலே 'ஆம்' என்பதை அழுத்திவிடும். தவறு அழுத்தும்போது தெரிவதில்லை. அழுத்தி முடித்த பிறகே தெரிகிறது. அதனால் முன்கூட்டிக் கேட்பதைவிட, பின்னால் திரும்ப வழி வைப்பதே பயனருக்கு மரியாதை. கேள்விப் பெட்டியை நிரந்தரமாக அழிக்கும் இடத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்தால், அந்தப் பெட்டிக்கும் மதிப்பு இருக்கும்.

எதை எழுதி வைக்க வேண்டும்

ஆப்பிள் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட மேக்கின்டாஷ் கணினியின் திரையில் குப்பைத்தொட்டி இருந்தது. விண்டோஸில் ரீசைக்கிள் பின் 1995-இல் வந்தது. இத்தனை ஆண்டுகளில் இவை அடைந்திருக்கும் வடிவத்தைப் பார்ப்பது, நாமே ஒன்றை வடிவமைக்கும்போது மிகவும் உதவும். லினக்ஸ் மேசைக் கணினிகளுக்காக ஃப்ரீடெஸ்க்டாப் குழு வகுத்துள்ள குப்பைத்தொட்டி விதிமுறை தொடக்க நிலையினர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அளவுக்குத் தெளிவானது.

அதன்படி பயனரின் குப்பைத்தொட்டிக்குள் இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் 'ஃபைல்ஸ்', மற்றொன்றின் பெயர் 'இன்ஃபோ'. அழிக்கப்பட்ட கோப்பு முதலாவதற்குள் போகிறது. இரண்டாவதற்குள் அதே பெயருடன் 'டிராஷ்இன்ஃபோ' என்ற பின்னொட்டு சேர்ந்த ஒரு சிறு உரைக் கோப்பு உருவாகிறது. இதை விவரக் கோப்பு என்று அழைப்போம். அதைத் திறந்து பார்த்தால் மூன்றே வரிகள்: சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு, கோப்பு முன்பு இருந்த முழுப் பாதை, அழிக்கப்பட்ட தேதியும் நேரமும். விண்டோஸும் இதே சிந்தனையில்தான் செயல்படுகிறது. விஸ்டா பதிப்பு முதல், ரீசைக்கிள் பின்னுக்குள் செல்லும் ஒவ்வொரு கோப்புக்கும் டாலர் குறியுடன் தொடங்கும் ஒரு ஜோடி உருவாகிறது. 'ஆர்' என்ற எழுத்தைத் தாங்கிய கோப்பில் உள்ளடக்கமும், 'ஐ' என்ற எழுத்தைத் தாங்கிய கோப்பில் பழைய பாதை, அளவு, அழித்த நேரம் ஆகியவையும் இருக்கின்றன.

ஆக, உள்ளடக்கம், பழைய இடம், அழித்த நேரம் என்ற மூன்றும் இல்லாமல் மீட்பு இல்லை. நம் கணினி மையத்துக்கு நான்காவதாக ஒன்றையும் சேர்ப்பேன்: யார் அழித்தார் என்பது. இரண்டு மூன்று பேர் ஒரே கணினியில் மாறி மாறி வேலை செய்யும் இடத்தில், யார் எதற்காக அழித்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால் பல நேரங்களில் மீட்கவே தேவையிருக்காது.

பெயர் மோதலையும் இங்கேயே கவனித்துவிட வேண்டும். ஒவ்வொரு விவசாயியின் கோப்புறைக்குள்ளும் 'அடங்கல்' என்ற ஒரு கோப்பு இருக்கும். இரண்டு விவசாயிகளின் அடங்கல்கள் ஒரே குப்பைத்தொட்டிக்குள் வந்தால், இரண்டாவது முதலாவதன்மேல் எழுதப்பட்டுவிடலாம். மீட்க வைத்த இடமே அழிக்கும் இடமாகிவிடக் கூடாது. எனவே தொட்டிக்குள் கோப்பின் பெயர் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை, அது தனித்துவமாக இருந்தால் போதும். பயனருக்குக் காட்ட வேண்டிய பெயரை விவரக் கோப்பிலுள்ள பழைய பாதையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளில் இன்னும் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஆங்கிலப் பெயர்களை வைத்தே சோதித்துப் பார்க்கும் நிரலர்கள் இவற்றைச் சந்திப்பதே இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 'அடங்கல்' என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண்ணைத் தரும் யூனிகோடில், புள்ளிகளையும் சேர்த்து அது ஏழு குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட் பிடிப்பதால் மொத்தம் 21 பைட். விவரக் கோப்பில் பாதையை எழுதும்போது விதிமுறை கேட்கும், % குறியுடன் எழுதும் விழுக்காட்டு முறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரியும் என்பதால் அது 63 எழுத்துகளாகிறது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயரின் உச்ச நீளம் 255 பைட். அதாவது தமிழில் 85 குறியெண்கள்தான். ஊர், புல எண், பருவம், ஆண்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பெயர் வைக்கும் பழக்கம் உள்ள மையத்தில் இந்த எல்லையைத் தொட்டுவிடுவது கடினமே இல்லை. அப்படித் தொட்டு நிற்கும் பெயருடன் 'டிராஷ்இன்ஃபோ' என்ற, ஆங்கிலத்தில் முன்புள்ளியுடன் பத்து பைட் பிடிக்கும் பின்னொட்டைச் சேர்க்க முயன்றால், இயங்குதளம் மறுத்துவிடும். தொட்டிக்குள் குறுகிய, தனித்துவமான பெயரைச் சூட்டும் நிரலுக்கு இந்தத் தொல்லை வராது.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. 'கொள்முதல்' என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். வேறு வேறு விசைப்பலகை முறைகளில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் ஒரே கோப்புறைக்குள் சேரும்போது, 'இதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறதா?' என்ற கேள்விக்கு நிரல் 'இல்லை' என்று பதில் பெறும். பயனரின் கண்ணுக்கோ ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரியும். பெயர்களை ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் யூனிகோட் இயல்பாக்கம் செய்துவிட்டால், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், இது தீரும். பைத்தானில் அதற்கு 'யூனிகோட்டேட்டா' என்ற தொகுதி உடன் வருகிறது. ஆனால் இயல்பாக்கம் செய்த வடிவத்தை ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்; விவரக் கோப்பில் எழுதும் பாதை, வட்டில் இருந்த பைட்டுகள் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். இல்லையெனில், மீட்கும்போது வேறொரு பெயரில் கோப்பு போய் நிற்கும்.

வரிசை ஏன் முக்கியம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் ஊர்களில் மின்சாரம் சொல்லிவிட்டுப் போவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது பல ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. சாதாரண மழை நாட்களிலும் தடை வந்து போகும். எனவே இந்த நிரலின் ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தே எழுத வேண்டும்.

அழிப்பில் இரண்டு படிகள் உள்ளன: விவரக் கோப்பை எழுதுதல், உண்மைக் கோப்பை நகர்த்துதல். முதலில் நகர்த்திவிட்டு, விவரம் எழுதுவதற்குள் மின்சாரம் போனால், தொட்டிக்குள் எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஓர் அடங்கல் கிடக்கும். ஆனால் விவரத்தை முதலில் எழுதிவிட்டு, நகர்த்துவதற்குள் மின்சாரம் போனால், உண்மைக் கோப்பு தன் பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும். தொட்டியில் ஆளில்லாத ஒரு விவரக் கோப்பு மட்டும் மிஞ்சும், அடுத்த முறை நிரல் தொடங்கும்போது அதைத் துடைத்துவிடலாம். அதனால்தான் ஃப்ரீடெஸ்க்டாப் விதிமுறையும் விவரக் கோப்பை முதலில் உருவாக்கச் சொல்கிறது. அப்படி உருவாக்கும்போது 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தோல்வியடைந்துவிடு' என்ற நிபந்தனையுடன் உருவாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது 'டபிள்யூ' என்பதற்குப் பதில் 'எக்ஸ்' என்ற முறையைக் கொடுத்தால் இந்த நிபந்தனை கிடைத்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு 'அடங்கல்' கோப்புகளை அழித்தாலும், ஒருவருக்குத்தான் அந்தப் பெயர் கிடைக்கும். மற்றவருடைய அழிப்பு அடுத்த பெயரை முயலும்.

இன்னொன்றும் உண்டு. கோப்பில் எழுதியவுடன் அது வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. சிறிது நேரம் இயங்குதளத்தின் நினைவகத்தில் காத்திருக்கும். 'எஃப்சிங்க்' என்ற அழைப்பால் அதை வட்டுக்குத் தள்ளிவிட்டு, பிறகே நகர்த்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால், நாம் குறிமுறையில் எழுதிய வரிசையும் வட்டில் நடந்த வரிசையும் வேறாகிவிடலாம்.

மீட்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் கோப்பைப் பழைய இடத்துக்கு நகர்த்த வேண்டும், அது முடிந்த பிறகே விவரக் கோப்பை நீக்க வேண்டும்.

ஒரே வட்டுக்குள் நகர்த்துவதற்கு 'ரீநேம்' என்ற அழைப்பு போதும். உள்ளடக்கம் அசையாது, பட்டியல் வரி மட்டும் ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. மாறினால் முழுவதும் மாறும், இல்லையென்றால் ஒன்றும் மாறாது. பாதியில் நிற்கும் நிலையை மற்ற நிரல்கள் பார்க்க நேர்வதில்லை. கோப்பு எத்தனை பெரியதாக இருந்தாலும் நொடிக்குள் முடியும். ஆனால் கோப்பு பென் டிரைவிலும் தொட்டி கணினியின் உள் வட்டிலும் இருந்தால் ரீநேம் பிழை தரும், ஏனெனில் ஒரு வட்டின் பட்டியல் இன்னொரு வட்டின் ஐநோடைச் சுட்ட முடியாது. அப்போது நகலெடுத்து, நகல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மூலத்தை நீக்க வேண்டியிருக்கும். பைத்தானின் 'ஷுட்டில் மூவ்' இந்த மாற்றத்தைத் தானே செய்துவிடுகிறது. எழுதுபவருக்கு வசதி என்றாலும், இடையில் பென் டிரைவைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே மறைந்துவிடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றுமே ஒவ்வொரு வட்டுக்கும் அதனதன் மேல்மட்டத்தில் தனித் தொட்டி வைக்கும் வழியை வைத்துள்ளன.

ஆனால் விண்டோஸில் வழக்கமாக பென் டிரைவுக்கும் வலையமைப்பு வழியே திறந்த கோப்புறைக்கும் ரீசைக்கிள் பின் வேலை செய்வதில்லை. அங்கே அழித்தால் நேரடியாக அழிந்துவிடும். விவசாயி கொண்டுவரும் பென் டிரைவில் வேலை செய்யும் மையத்துக்கு இது மிக முக்கியமான செய்தி. ஒதுக்கி வைப்பது எந்தக் காரணத்தாலாவது முடியாமல் போனால், நிரல் ஒருபோதும் ஓசையின்றி நிரந்தர அழிப்புக்கு இறங்கிவிடக் கூடாது. 'இந்த இடத்திலிருந்து அழித்தால் திரும்பப் பெற முடியாது' என்று சொல்லி, நின்று, கேட்க வேண்டும். மேலே சொன்ன கேள்விப் பெட்டிக்கு உரிய இடம் இதுதான். மீட்கலாம் என்ற நம்பிக்கையைப் பயனருக்குப் பழக்கிவிட்டு, சில இடங்களில் மட்டும் அந்த நம்பிக்கையைச் சொல்லாமல் கைவிடும் நிரல், மீட்பு வசதியே இல்லாத நிரலைவிடக் கேடானது.

மீட்பு

'திரும்பப் பெறு' என்ற பொத்தானை அழுத்தியதும் நிரலுக்கு முன் பல கேள்விகள் நிற்கின்றன. பழைய கோப்புறை இன்னும் இருக்கிறதா? இல்லையென்றால் அதை உருவாக்க வேண்டும். அங்கே எழுத அனுமதி இருக்கிறதா? அந்தப் பெயரில் இப்போது வேறொரு கோப்பு உட்கார்ந்திருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தொடக்க நிலையினரின் நிரல்கள் பெரும்பாலும் சறுக்குகின்றன. பழைய அடங்கலை அழித்த பிறகு விவசாயி புதிய அடங்கலைக் கொண்டுவந்திருப்பார். அது அதே பெயரில் அதே கோப்புறையில் ஏறியிருக்கும். இப்போது பழையதை மீட்டால், லினக்ஸில் ரீநேம் அழைப்பு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் புதியதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் பழையதை வைத்துவிடும். பைத்தானின் 'ஓஎஸ் ரீநேம்' விண்டோஸில் இதே சூழலில் பிழை எழுப்பி நின்றுவிடும். ஆகவே விண்டோஸில் சோதித்துச் சரியாக இருந்த நிரல், லினக்ஸில் கோப்பைத் தின்றுவிடலாம்.

முதலில் 'இருக்கிறதா' என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் ரீநேம் செய்யலாம் என்று தோன்றும். பார்ப்பதற்கும் செய்வதற்கும் இடையே வேறொரு நிரல் அங்கே கோப்பை வைத்துவிட இடம் இருக்கிறது. லினக்ஸில், இலக்கில் ஒன்று இருந்தால் மறுத்துவிடும்படி கேட்கக்கூடிய ரீநேம் வகை 2014-இல் அதன் மையப் பகுதியான கருநிரலில் சேர்க்கப்பட்டது. அது கிடைக்காத சூழலில், கோப்புக்குப் பழைய இடத்தில் இரண்டாவது பெயராக ஓர் இணைப்பை உருவாக்கி, அது வெற்றி பெற்ற பிறகு தொட்டியிலுள்ள பெயரை நீக்கலாம். இணைப்பு உருவாக்கும் அழைப்பு ஏற்கெனவே உள்ள பெயரின்மேல் ஒருபோதும் எழுதாது. பென் டிரைவ்களில் பரவலாக உள்ள ஃபேட் வகைக் கோப்பு முறைமைகளில் இந்த வழி செல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இடம் பிடிபட்டிருந்தால், பழையதை 'மீட்டது' என்ற ஒட்டுடன் பக்கத்தில் வைத்து, இரண்டும் இருக்கின்றன என்று பயனருக்குச் சொல்லிவிடுவதே நல்லது. எது வேண்டும் என்று அவர் முடிவு செய்யட்டும்.

கோப்புறைகளை அழிக்கும்போது இன்னொரு முடிச்சு விழுகிறது. ஒரு விவசாயியின் கோப்புறையிலிருந்து சிட்டாவை மட்டும் காலையில் அழித்தார்கள். மாலையில் அந்தக் கோப்புறையையே அழித்தார்கள். மறுநாள் சிட்டாவை மீட்கிறார்கள்: நிரல் அதன் தாய்க் கோப்புறையைப் புதிதாக உருவாக்கி உள்ளே வைக்கிறது. பிறகு கோப்புறையையும் மீட்கிறார்கள்: அந்தப் பெயர் இப்போது பிடிபட்டிருக்கிறது. இங்கே ஒன்றை மற்றொன்றால் மாற்றினால் சிட்டா போய்விடும். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டும், கலக்கும்போது உள்ளே உள்ள ஒவ்வொரு பெயருக்கும் முன்சொன்ன மோதல் விதி பொருந்த வேண்டும். இந்த ஒரு நிகழ்வை முதல் சோதனையாக எழுதி வைத்துவிட்டு, அது தேறும்வரை குறிமுறையைத் திருத்துங்கள். வடிவமைப்பிலுள்ள ஓட்டைகளில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

சொந்தத் தொட்டியா, இயங்குதளத்தின் தொட்டியா?

இவ்வளவையும் நாமே எழுத வேண்டுமா என்றால், பல நேரங்களில் வேண்டியதில்லை. பைத்தானில் 'சென்ட்2டிராஷ்' என்ற நூலகமும், ஜாவாவின் 9-ஆம் பதிப்பு முதல் 'டெஸ்க்டாப்' வகுப்பிலும், சாளரங்கள் கொண்ட நிரல்களை எழுத உதவும் க்யூடியின் 5.15 பதிப்பு முதல் அதன் கோப்பு வகுப்பிலும் உள்ள 'மூவ் டு டிராஷ்' வசதியும் கோப்பை அந்தந்த இயங்குதளத்தின் தொட்டிக்கே அனுப்பிவிடும். பயனர் தானே உருவாக்கி, தானே பெயர் வைத்து, தன் கோப்புறையில் வைத்திருக்கும் கோப்புகளுக்கு இதுவே சரியான வழி. அவர் வழக்கமாகத் தேடும் இடத்திலேயே அது கிடைக்கும். ஆனால் நம் நிரல் தன் தரவுத்தளத்தில் 'இந்த விவசாயிக்கு இந்த நான்கு ஸ்கேன்கள்' என்று எழுதி வைத்திருந்தால், கோப்பை மட்டும் இயங்குதளத்தின் தொட்டிக்கு அனுப்புவது பாதி வேலைதான். பயனர் அங்கிருந்து மீட்டால், கோப்பு திரும்பிவிடும். தரவுத்தளத்துக்கு அது தெரியாது. அப்படிப்பட்ட நிரலுக்குச் சொந்தத் தொட்டி வேண்டும்.

தரவுத்தளத்தில் இதற்கு வழக்கமான முறை, அட்டவணையில் அந்தக் கோப்புக்குரிய வரிசையை நீக்காமல் 'அழித்த நேரம்' என்ற ஒரு நெடுவரிசையை வைத்து அதில் நேரத்தை எழுதுவது; வெறுமையாக இருந்தால் அந்த வரிசை உயிருடன் இருக்கிறது என்று பொருள். அதன் பிறகு எழுதப்படும் ஒவ்வொரு தேடலிலும் 'அழித்த நேரம் வெறுமையாக உள்ளவை மட்டும்' என்ற நிபந்தனை வேண்டும். ஓர் இடத்தில் மறந்தாலும் அழித்த அடங்கல் பட்டியலில் தலைகாட்டும். நிபந்தனையை ஒரு வியூவுக்குள், அதாவது தரவுத்தளத்தில் பெயரிட்டுச் சேமித்து வைத்த தேடலுக்குள், வைத்துவிட்டு, நிரலின் மற்றப் பகுதிகள் அந்த வியூவை மட்டுமே கேட்கும்படி செய்தால் மறதிக்கு இடமிருக்காது.

எப்போது உண்மையிலேயே அழிப்பது

தொட்டி நிரம்பிக்கொண்டே போக முடியாது. ஆண்ட்ராய்டு 11 முதல் ஊடகக் கோப்புகளுக்கான தொட்டியும், ஜிமெயிலின் தொட்டியும், 2020 அக்டோபர் முதல் கூகுள் டிரைவின் தொட்டியும் 30 நாட்கள் என்ற கணக்கை வைத்துள்ளன. அதை அப்படியே நம் மையத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சம்பாவுக்கான காப்பீட்டுப் பதிவு நவம்பரையொட்டி நடக்கிறது. அறுவடை தை, மாசியில். இழப்பீட்டுக் கேள்விகள் அதற்கும் பிறகு வருகின்றன. நவம்பரில் அழித்த அடங்கல் டிசம்பரிலேயே மறைந்துவிட்டால் தொட்டியால் யாருக்கும் பயனில்லை. ஒரு சாகுபடிப் பருவம் முழுவதும் வைத்திருப்பதே இங்கே பொருத்தமான காலம். ஸ்கேன்கள் சிறியவை, வட்டில் அதற்கு இடம் உண்டு.

காலக்கெடுவைக் கணக்கிடும் இடத்தில் ஒரு பிழை அடிக்கடி நுழைகிறது. இரவில் ஓடும் துப்புரவு நிரல், கோப்பின் 'திருத்தப்பட்ட நேரம்' என்ற விவரத்தைப் பார்த்துப் பழையவற்றை நீக்கும்படி எழுதப்பட்டிருக்கும். ஆனால் ரீநேம் அந்த நேரத்தை மாற்றுவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்கேன் செய்த சிட்டாவை இன்று மதியம் தொட்டிக்கு அனுப்பினால், இன்றிரவே அது 'மிகப் பழையது' என்று நிரந்தரமாக நீக்கப்பட்டுவிடும். கணக்கு எப்போதும் விவரக் கோப்பிலுள்ள அழித்த தேதியிலிருந்தே தொடங்க வேண்டும். அந்தத் தேதியையும் கண்மூடி நம்ப முடியாது: தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினிகளில், மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அந்த நேரத்தில் அழித்த கோப்பின் விவரத்தில் பழைய ஆண்டு பதியும். கடிகாரம் சரியானதும் துப்புரவு நிரல் அதை உடனே நீக்கிவிடும். நிரல் கடைசியாக ஓடிய நேரத்தைக் குறித்து வைத்து, இப்போதைய நேரம் அதற்கு முந்தையதாக இருந்தால் தேதி பதிவதையும் துப்புரவையும் நிறுத்திப் பயனரிடம் சொல்வது எளிய தடுப்பு.

எல்லாவற்றையும் காலவரையின்றி வைத்திருப்பதும் சரியல்ல. தொட்டிக்குள் கிடப்பவற்றில் ஆதார் நகல்களும் வங்கிக் கணக்கு எண்களும் இருக்கின்றன. அவை பிறருடைய உடைமை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. 'என் ஆதாரை உங்கள் கணினியிலிருந்து எடுத்துவிடுங்கள்' என்று ஒருவர் கேட்டு, மையத்தில் இருப்பவர் 'அழி' என்பதை அழுத்திவிட்டு 'எடுத்தாயிற்று' என்று சொன்னால், அது உண்மையாக இருக்காது, ஏனெனில் ஒரு பருவம் முழுவதும் அந்த நகல் தொட்டியில் கிடக்கும். எனவே 'தொட்டிக்கு அனுப்பு', 'நிரந்தரமாக அழி' என்று இரண்டு வேறு பொத்தான்கள் வேண்டும். இரண்டாவது, தொட்டியில் ஏற்கெனவே உள்ள அதே விவசாயியின் கோப்புகளையும் தேடி நீக்க வேண்டும். எஸ்எஸ்டி வட்டில் ஒரு கோப்பின்மேல் வேறு எதையாவது எழுதி மறைப்பது நம்பத்தக்க வழியில்லை, ஏனெனில் வட்டு புதிய எழுத்தை வேறொரு பகுதியில் வைத்துக்கொண்டு பழையதைச் சிறிது காலம் அப்படியே விட்டுவைக்கக்கூடும். அடையாள ஆவணங்களைக் கையாளும் கணினியில் வட்டு முழுவதையும் தொடக்கத்திலேயே மறைகுறியாக்கி வைத்திருந்தால், வட்டு பிறர் கைக்குப் போனாலும் அந்த மிச்சங்களை அவர்களால் படிக்க முடியாது.